எரிந்த வீட்டை எந்த வருஷத்துக்குத் திருப்புவது?

"பழைய கட்டடம் எரிஞ்சா இருந்த மாதிரியே திரும்பக் கட்டணும், இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?" என்று கேன்டீனில் தீர்ப்பு எழுதிய நண்பர்களுக்கு இந்தப் பதிவு. வழக்கில் சிக்கியது இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள ஆஸ்ட்லி காசில்.

இருந்த மாதிரியே என்றால் எப்போது இருந்த மாதிரி? 1266-ல் கோட்டைச் சுவர் எழுப்ப அனுமதி வாங்கிய காலத்து வீடா? 1553-ல் ஒன்பதே நாள் ராணியாக இருந்த ஜேன் கிரேயின் குடும்பத்து வீடா? இல்லை, 20-ம் நூற்றாண்டில் ஹோட்டலாக ஓடியதா? (ஹோட்டல் என்று யாரும் சொல்லமாட்டீர்கள், தெரியும்!)

1978-ல் தீப்பிடித்து, அதன்பின் முப்பது வருஷம் மழையில் ஊறிய சுவர்கள் அவை. லேண்ட்மார்க் டிரஸ்ட் அதை எடுத்தபோது பழையபடி கட்டுவது நடக்காத காரியம். விதர்ஃபோர்ட் வாட்சன் மேன் என்ற கட்டடக்கலைஞர்கள் இடிபாட்டுக்குள்ளேயே ஒரு புது வீட்டைச் செருகினார்கள். உடைந்த கல்லின் ஓரத்தைப் புதுச் செங்கல் தாங்குகிறது, நடுவில் மர உத்தரம். எது பழசு, எது 2012 என்று கண்ணுக்குத் தெரிகிறது. படுக்கையறைகள் கீழே, சமையலறையும் கூடமும் மாடியில். ஒரு பகுதிக்குக் கூரையே போடவில்லை. அங்கே சுவருக்குள் நின்றபடி வானம் பார்க்கலாம். 2013-ல் ஸ்டெர்லிங் பரிசு கிடைத்தது.

"அப்பார்க்கை மட்டும் அப்படியே கட்டினார்களே?" நியாயமான கேள்வி. சசெக்ஸில் உள்ள அந்த மாளிகை 1989-ல் எரிந்தது. ஆனால் தட்டுமுட்டுச் சாமான்களில் பெரும்பகுதியை வெளியே தூக்கி வந்துவிட்டார்கள், சுவர்களும் நின்றன. தீக்கு முந்தைய நாள் அது எப்படி இருந்தது என்று தெரியும். அந்த நாளுக்கே திருப்பி 1995-ல் திறந்தார்கள், சரிதான். ஆஸ்ட்லிக்கு அப்படி ஒரு 'முந்தைய நாள்' எங்கே மிச்சம்? அங்கே போய்ப் பழைய வீட்டைக் கட்டியிருந்தால் அது சினிமா செட்!

குறை சொல்லியே தீருவேன் என்றால், எட்டு பேர் தங்கும் விடுமுறை வாடகை வீடாக ஆக்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அந்த வாடகையை நம்மில் யார் கொடுக்கப் போகிறோம்? திறப்பு நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதில் நானும் உங்கள் கட்சி. செங்கல்லை மட்டும் திட்டாதீர்கள்.