நகரத் தந்தையின் நாற்காலி

“அவர்களிலேயே ஒருவர் சென்னைக்கு மேயராகிவிட்டார். இன்னும் எதற்கு ஒதுக்கீடு? இன்னும் எதற்கு உரிமை முழக்கம்?”

திருவில்லிபுத்தூரிலிருந்து கூமாப்பட்டிக்கு வரும் பேருந்திலே, பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் என் முன்னே வீசிய கேள்வி இது. மடியிலே நாளேடு, குரலிலே, தம் நிலத்தில் பாதியைத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டவரின் சலிப்பு! கிருஷ்ணன்கோவிலில் தொடங்கியவர் வத்திராயிருப்பு வந்தும் ஓயவில்லை. அவர் வயதை மதித்து அன்று வாய்மூடி இருந்தேன். வாதத்தை மதிக்க இயலாததால் இன்று எழுதுகிறேன்.

“அவர்களிலேயே” என்ற அந்தச் சொல்லை நிறுத்துப் பாருங்கள், தோழர்களே! மற்றவர் மேயரானால் அது தகுதி. ‘அவர்கள்’ மேயரானால் அது சலுகை! மற்றவர் நூறு முறை அமர்ந்தால் அது மரபு; ‘அவர்கள்’ ஒரு முறை அமர்ந்தால் கடன் தீர்ந்தது, கணக்கு முடிந்தது! இந்தக் கணக்கை எழுதியது யார்? வட்டியும் முதலும் பார்த்தது யார்?

பெரியவர் நினைப்பதுபோல் கதை 2022-இல் தொடங்கவில்லை. 1688-இல் பிறந்தது சென்னை மாநகராட்சி. அதன் தலைவருக்கு மேயர் என்னும் பட்டம் மீண்டும் வந்தது 1933-இல். அப்போது அமர்ந்தவர் முத்தையா செட்டியார். நான்கே ஆண்டில், 1937-இல், தாழ்த்தப்பட்ட சமுதாயத்திலிருந்து முதல் மேயராக வந்தார் சிவசண்முகம் பிள்ளை. பின்னாளில் 1946 முதல் 1955 வரை சட்டமன்றத்தின் தலைவராக வீற்றிருந்தவரும் அவரே. 1945-இல் அதே மேயர் நாற்காலியில் அமர்ந்தார் ந. சிவராஜ். ‘நகரத் தந்தை’ என்று ஏடுகள் அழைத்தன. தெருவிலே நடக்காதே என்று விரட்டப்பட்ட மக்களின் பிள்ளை, தெருக்களுக்கெல்லாம் தந்தையானார்!

யார் தந்த தானம் அது? எந்த வள்ளல் வாரி வழங்கினார்?

1892-இல் பிறந்தவர் சிவராஜ். சட்டம் பயின்றவர், சென்னைச் சட்டக் கல்லூரியிலே பேராசிரியராகப் பாடம் சொன்னவர். நீதிக்கட்சிக் காலத்தில், 1926 முதல், சென்னைச் சட்டமன்றத்திலே தம் மக்களுக்காக வாதாடியவர். 1942-இல் நாகபுரியிலே கூடிய பெரும் மாநாட்டில் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு பிறந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அருகிருக்க, அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய துணைவியார் மீனாம்பாள் சிவராஜோ, 1938-இல் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பெயரை வழங்கிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிலே பங்கேற்ற போராளி. இல்லம் முழுதும் இயக்கம்; வாழ்வு முழுதும் வழக்கு! இருபதாண்டு உழைப்பு ஒருபுறம், ஓராண்டு நாற்காலி மறுபுறம். தராசைத் தூக்கிப் பாருங்கள். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது விளங்கும்.

இவ்வளவையும் ஒருநாள் வகுப்பறையிலே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பெருமை பொங்கிற்று. கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள் ஒரு சிறுமி. “சார், அவர் சொன்னா தண்ணிக் குழாய் போட்டிருப்பாங்களா?”

வாயடைத்து நின்றேன். என் கல்லூரிப் படிப்பு கேட்காத கேள்வியை ஏழாம் வகுப்புக் கேட்டுவிட்டது!

அந்நாளைய மேயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாநகராட்சி உறுப்பினர்கள். பதவிக்காலம் ஓராண்டு. மன்றத்துக்குத் தலைமை தாங்கலாம்; விருந்தினருக்கு வரவேற்பிதழ் வாசிக்கலாம்; பொன்னிற மாலையும் அங்கியும் அணியலாம். ஆனால் நிர்வாகம்? அது அரசாங்கம் அமர்த்தும் ஆணையர் கையிலே! எங்கள் ஊர் உழவனுக்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டா. பிளவக்கல் அணை நிறைந்திருக்கிறது என்று கரையிலே நின்று பார்த்துப் பூரித்தால் வயல் விளைந்துவிடுமா? மடை திறக்க வேண்டும். திறப்பதற்கு உரிமை வேண்டும். சிவராஜுக்குக் கரையிலே சிம்மாசனம் போட்டார்கள்; மடையின் சாவியை வேறிடத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அதனினும் கசப்பானது அடுத்த காட்சி. 1932-இல் காந்தியாரின் பட்டினிப் போராட்டத்தின் நெருக்கடியிலே கையெழுத்தான பூனா ஒப்பந்தம், தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதியைப் பறித்துக்கொண்டு, கூட்டுத் தொகுதியிலே ஒதுக்கிய இடங்களைத் தந்தது. வேட்பாளர் அவர்களிடமிருந்து, வெற்றியைத் தீர்மானிக்கும் பெருவாரி வாக்கோ மற்றவரிடமிருந்து! விளைவு என்ன? 1945-இல் தலைவர் சென்னையின் நகரத் தந்தை. 1946 தேர்தலிலோ அவர் தலைமை தாங்கிய கூட்டமைப்பு நாடெங்கும் ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. ஒரு மனிதருக்கு மகுடம். அவர் மக்களின் குரலுக்குக் கதவடைப்பு! ‘அவர்களிலேயே ஒருவர்’ என்று ஆனந்தப்படுவோரே, இந்த இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஒருவரை உயர்த்திக் காட்டுவது எவ்வளவு எளிது! ஓர் இனத்துக்கு உரிமை தருவது எவ்வளவு கடினம்!

சிவராஜ் சோர்ந்தாரா? இல்லை. 1957-இல் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு வந்தார். அதே ஆண்டு பிறந்த இந்தியக் குடியரசுக் கட்சிக்குத் தலைவரானார். 1964-இல் மறையும்வரை இயக்கமே அவர் இருக்கை. மேயர் நாற்காலி அவர் வாழ்விலே ஓராண்டு. போராட்டமோ வாழ்வு முழுதும்.

“அது பழைய காலம்” என்பார் பெரியவர். பழைய காலமா? சென்னைக்குப் போக வேண்டா. நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலைக் கேளுங்கள்! 1996-இல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களோடு சேர்ந்து இந்த ஊரும் பத்தாண்டுக் காலம் தலைவரின்றிக் கிடந்தது. வேட்புமனு கொடுப்பதே குற்றம். கொடுத்து வென்றால் பதவி விலகல் கடிதமே முதல் கையெழுத்து! 2006-இல்தான் அந்தப் பூட்டு திறந்தது. மேலவளவிலோ, ஒதுக்கப்பட்ட பதவிக்கு நின்று வென்ற முருகேசன், 1997 ஜூன் 30-ஆம் நாள், தோழர்களோடு வெட்டிச் சாய்க்கப்பட்டார். தலைநகரிலே தாழ்த்தப்பட்டவர் மேயராகி அறுபதாண்டு ஆகும் வேளை. சிற்றூரிலே தலைவராக ஆசைப்பட்டதற்குத் தலையே விலை!

மாற்றாரை மட்டும் சாடிவிட்டு மையைத் துடைத்துக்கொள்வது பகுத்தறிவாளனுக்கு அழகன்று. நம் முற்றத்தையும் பெருக்குவோம். 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்துக்கு மீண்டும் தேர்தல் வந்தது 1996-இல். இடையிலே இருபத்து மூன்று ஆண்டுகள்! பெரும்பகுதி ஆண்டவர்கள் யார்? திராவிடத்தின் பெயரைத் தாங்கிய கட்சிகளே! 1996-இல் மேயரை மக்களே நேரில் தேர்ந்தெடுத்தனர். 2006-இல் அந்த உரிமை உறுப்பினர்களுக்குப் போயிற்று. 2011-இல் மக்களிடம் திரும்பிற்று. 2022-இல் மறுபடியும் உறுப்பினர்களுக்கு! மக்கள் வாக்கு என்ன பந்தா, ஆட்சிக்கு ஆட்சி உதைத்து விளையாட? ஊராட்சிகளின் கதையும் இதுதான்: 2025 சனவரியில் நம் மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். மாநில சுயாட்சி கேட்டு முழங்கிய நாம், ஊருக்குச் சுயாட்சி தருவதிலே தயங்கினால், தில்லியைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு ஏது?

2022-இல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. இருபத்தெட்டு வயதுப் பிரியா அமர்ந்தார். ‘நகரத் தந்தை’ என்ற சொல்லே அன்று இடறி விழுந்தது! மகிழ்கிறோம். ஆயினும் மகிழ்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறோம்: அது எவருடைய பெருந்தன்மையும் அன்று, ஒதுக்கீட்டின் விளைவு. ஒதுக்கீடோ சிவராஜும் மீனாம்பாளும் அவர்களைப் போன்ற ஆயிரவரும் ஆண்டுக்கணக்கில் தட்டித் தட்டித் திறந்த கதவு. அந்த ஒதுக்கீட்டால் ஒருவர் உள்ளே நுழைந்ததைக் காட்டியே அந்த ஒதுக்கீட்டை எடுத்துவிடச் சொல்வது, ஏணியில் ஒருவன் ஏறியதைக் கண்டு, “ஏறிவிட்டானே, இனி ஏணி எதற்கு?” என்று விறகுக்கு வெட்டுவது போன்றது. கீழே நிற்கும் கூட்டம் என்ன செய்யும்?

ஆதலால், இளந்தோழர்களே! ‘முதல்வர், முதல்வர்’ என்று பாராட்டுச் சுவரொட்டி ஒட்டிவிட்டு உறங்கப் போகாதீர்கள். நாற்காலியில் அமர்ந்தவர் யார் என்று கேட்பதோடு, கோப்பிலே கையெழுத்திடுவது யார், பணப் பொறுப்பு யாரிடம், அவருக்குப் பின்னே நின்று ஆட்டுவிப்பவர் யார் என்றும் கேளுங்கள். கிராம சபைக்குப் போங்கள். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். தேர்தலைத் தள்ளிவைக்கும் ஆட்சி நமக்கு வேண்டியவர் ஆட்சியானாலும் வீதியிலே நின்று கேளுங்கள்.

அந்தச் சிறுமிக்கு நான் அன்று தரமுடிந்த விடை இவ்வளவே: “அவர் சொல்லியிருப்பார், அம்மா. போடுவதற்கு அதிகாரம் அவரிடம் விடப்படவில்லை.”

அவள் வளர்ந்து ஒருநாள் அந்த நாற்காலிக்கு வருவாள். வரும்போது மடையின் சாவியும் அவள் கையிலே இருக்கவேண்டும். அதுவரை, பெரியவரே, எங்கள் முழக்கம் ஓயாது!