அறந்தாங்கி யாருக்கும் பரம்பரைச் சொத்து இல்லை!

அறந்தாங்கி தொகுதி உறவுகளே,

புதுக்கோட்டை மன்னராட்சி 1948 மார்ச் 3-ல் முடிஞ்சுபோச்சு. வாரிசு அரசியல் முடிஞ்சுதா?

1977 முதல் 1996 வரை தொடர்ந்து 6 தேர்தல்ல ஜெயிச்சவர் திருநாவுக்கரசர். 2016-ல் அவர் மகன் ராமச்சந்திரன் நின்னார், தோற்கடிச்சீங்க. 2021-லும் அதே மகன்!

அப்பா ஜெயிச்சது உங்க ஓட்டுல. அதை மதிக்கிறோம். ஆனா மகன் பேருக்கு மாத்தி எழுத, தொகுதி என்ன பட்டா நிலமா?

கல்லணைக் கால்வாய்க் கடைமடைக்குத் தண்ணி வரணும். ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மீனவர்கள் பயமில்லாம கடலுக்குப் போகணும். இதைக் கேட்கத்தான் எம்எல்ஏ வேணும்.

நம்ம வேட்பாளர் யாரோட வாரிசும் இல்லை. பதில் சொல்ல வேண்டியது உங்களுக்கு மட்டும்தான்.

ஏப்ரல் 6, மறக்காம வாங்க. மாற்றத்துக்கு ஓட்டுப் போடுங்க!

#அறந்தாங்கி #மாற்றம்