மூடியைத் திறக்கப் பயப்படலாமா?

சனசமூக நிலையங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் முன்பள்ளிகளுக்கும் போய் வருகின்றபோது ஒரே காட்சியை நாம் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அறையின் மூலையில் ஒரு மேசை. அதன்மேல் பூப்போட்ட துணியால் மூடிய கணனி. புலம்பெயர்ந்த ஊர் உறவுகள் அனுப்பியது. "அது பழுதாய்ப் போச்சு, இனித் திருத்தேலாதாம்" என்பார் தலைவர். என்ன பழுது என்று கேட்டால் அநேகமாக எவருக்கும் தெரியாது. திறந்து பார்த்தீர்களா என்று கேட்டால், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல எம்மைப் பார்ப்பார்கள்.

வலிகாமத்துக் கிராமம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஐப்பசி மாதத்து இடிமின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கி, இணையக் கம்பியைப் பொருத்தும் வாயிலை எரித்துவிட்டது. மற்றெல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. பட்டினத்துக் கடையொன்றில் காட்டியபோது, தாய்ப்பலகையையே மாற்றவேண்டும், அதைவிடப் புதிதாக வாங்குவது மேல் என்றார்களாம். நிலையத்தார் வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத ஆயத்தமானார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளையொருத்தி, அதே அறையில் கிடந்த இன்னொரு செத்த கணனியிலிருந்து வலையமைப்பு அட்டையைக் கழற்றி இதிலே செருகினாள். எரிந்த வாயிலை பயோஸ் அமைப்பில் நிறுத்திவிட்டாள். அரை மணித்தியால வேலை. செலவு ஒரு சதமும் இல்லை.

அவள் மந்திரம் எதுவும் செய்யவில்லை. மேசைக் கணனியைச் செய்தவர்கள் இதற்கென்றே உள்ளே இடம் விட்டிருக்கிறார்கள். 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதற் தனியாள் கணனியிலேயே அட்டை செருக ஐந்து இடங்கள் இருந்தன. தமிழ் எழுத்துக்கூட ஒரு காலத்தில் அட்டையாகத்தான் கணனிக்குள் வந்தது. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, பூனேயிலுள்ள சி-டாக் வளர்த்தெடுத்த 'ஜிஸ்ட்' அட்டையைச் செருகினால், ஆங்கிலத்துக்கென்று எழுதிய டொஸ் மென்பொருள்களிலும் இந்திய மொழிகளில் எழுத முடிந்தது. அந்நாளில் இது சிரமமான வேலைதான். அட்டையிலுள்ள சிறு ஊசிகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒன்றோடொன்று மோதாமல் பார்க்கவேண்டும். பி.சி.ஐ. வந்தபின் அந்தத் தலையிடி பெருமளவு நீங்கியது. இப்போதுள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. பழைய பி.சி.ஐ. அட்டை புதிய எக்ஸ்பிரஸ் இடத்தில் பொருந்தாது என்பதை மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

மின்கம்பியைக் கழற்றுங்கள். பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டு உடம்பிலுள்ள மின்னேற்றத்தைப் போக்குங்கள். அட்டையின் பொன்னிறப் பற்கள் கறுத்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்கலாம். கடற்காற்று வீசும் எமது ஊர்களில் பாதிப் பழுது இதுதான். இரு கரையையும் ஒன்றாக அமர்த்தி ஆணியை இறுக்குங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவேண்டாம், மின்னை நிறுத்திய பின்னும் அதற்குள் மின்னேற்றம் நிற்கும். அட்டை கழற்றிய துவாரத்தைத் தகட்டால் மூடாமல் விட்டால், சோளகக் காற்றோடு செம்மண் தூசி போகும், பின்னால் எறும்பு போகும், பல்லி முட்டையிடும். நாம் திறந்த ஒரு பெட்டிக்குள் மூன்று முட்டைகள் இருந்தன!

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இந்தக் குடாநாடு எப்படி வாழ்ந்தது? சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இன்றும் தோட்டக்காரர் தனது இறைப்பு இயந்திரத்தைத் தானே கழற்றிப் பூட்டுகிறார். தையற் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மெசினைக் கழற்றித் துடைக்கப் பழக்குகிறோம். கணனி வகுப்பில் மாத்திரம் ஆறு மாதம் தட்டச்சுப் பழக்கிச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறோம். இது எமது குறையும்தான். பெட்டியைத் தொடாதே என்று பூட்டி வைத்தவர்களில் நாமும் இருந்தோம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத நல்ல கணனிகளை வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்து வருகின்றன. அவற்றில் சில எமது ஊர்களுக்கும் வரும். லினக்ஸ் இட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். வெறும் பெட்டிகளாக வந்து சேர்ந்தால் அவையும் பூத்துணிக்குள்ளேதான் போகும். ஆகவே அனுப்புகின்ற உறவுகளிடம் கேட்கிறோம்: பத்துப் பெட்டி அனுப்ப எண்ணினால் எட்டை அனுப்பி, மிச்சக் காசுக்கு வலையமைப்பு அட்டைகளும் வைஃபை அட்டைகளும் ஆணிகளும் அனுப்புங்கள். அலுவலகச் சிறு பெட்டிகளுக்கு அரை உயரத் தகடுள்ள அட்டைகளே பொருந்தும். அதை அளந்து பார்த்து வாங்குங்கள்.

நிலையத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பழுதான கணனிகளில் ஒன்றைப் பிள்ளைகள் கழற்றிப் பூட்டுவதற்கென்றே ஒதுக்குங்கள். அது உடைந்தால் எவரையும் ஏசவேண்டாம். திறப்பு அலுமாரிக்குள் கிடக்காமல், நிலையத்தைத் திறக்கின்றவரின் கையில் இருக்கட்டும்.