யானை மேல ஒரு ஸ்வஸ்திகா

கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையோட பழைய நுழைவாயிலை படத்துல பார்த்திருக்கீங்களா? நாலு கிரானைட் யானைங்க, முதுகுல ஒரு கோபுரத்தையே சுமந்துக்கிட்டு நிக்கும். 1901ல வில்ஹெல்ம் டாலரூப் வடிவமைச்சது. முதலாளி கார்ல் யாகப்சன் தன் பிள்ளைங்க பேரோட முதல் எழுத்துக்களை யானைங்க மேல செதுக்க வச்சார். கூடவே ஸ்வஸ்திகாவும்!

பதறாதீங்க. அது அப்போ ஆலையோட வணிகச் சின்னம். ஹிட்லர் அன்னிக்கு பள்ளிக்கூடப் பையன். பின்னாடி நாஜிங்களால அந்தச் சின்னத்தையே கம்பெனி கைவிட்டுடுச்சு. கல்லுல இருந்தது மட்டும் அப்படியே தங்கிடுச்சு.

அதையும் கொத்தி எடுத்துடலாமேன்னு சிலருக்குத் தோணலாம். என்னைக் கேட்டா, கூடாது. கொத்தினா நாஜிங்க செஞ்ச பாவம் குறையாது, 1901ல கட்டினவங்க மேல இல்லாத பழிதான் விழும்.

ஆனா ஒண்ணு. நமக்கு அது கோலத்துலயும் பூஜை அறையிலயும் பார்த்துப் பழகின சின்னம். நாஜி முகாம்ல சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு அப்படி இல்லை. "இதெல்லாம் ஒரு விஷயமா"ன்னு நாம சுலபமா சொல்லிடக் கூடாது. வாசலைக் கடக்கிறவங்களுக்கு அதோட கதையைச் சொல்லியே ஆகணும்.

2008ல அங்க பெரிய அளவு உற்பத்தி நின்னு, இப்போ அந்த இடம் குடியிருப்புப் பகுதி ஆயிடுச்சு. தினமும் குழந்தைங்க அந்த யானைங்களைப் பார்த்துட்டுப் போகும். கேள்வி கேட்கும். கேட்கட்டும், அதுக்காகவாவது கல்லு அப்படியே இருக்கணும்.

நீங்க என்ன சொல்றீங்க?