இரண்டு நாளும் பன்னிரண்டு நாளும்

இலவச மருத்துவம் நம் நாட்டின் பெருமை என்று எத்தனை மேடைகளில் முழங்குகிறோம்! கண்டியிலும் மகரகமவிலும் அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை, உண்மை. ஆனால், ஹட்டன் தோட்டமொன்றில் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது இலவசந்தானா? பெரட்டில் நில்லாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாத வீட்டில் அடுப்பு எரிவது எவ்வாறு?

நிணநீர்ப் புற்றுநோய்களுள் மெல்ல வளரும் சில வகைகள் உண்டு. அரிதானவை, கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டியாய்த் தோன்றி ஆண்டுக்கணக்கில் கிடப்பவை, கதிருக்கு எளிதில் கரைபவை. இவற்றுக்கு 24 கிரே கதிரை 12 தவணைகளில் தருவதுண்டு. 4 கிரேயை இரண்டே தவணைகளில் தந்தால் போதாதா என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு, 2014இல் முடிவை வெளியிட்டனர். நீண்டகாலக் கணக்கு 2021இல் வந்தது. ஐந்தாண்டின் பின்னும் கதிர் பட்ட இடத்தில் நோய் முற்றாதிருந்தது, பேரளவில் நூற்றுக்குச் சுமார் 90. சிற்றளவில் சுமார் 70. ஆயுளில் வேற்றுமை காணப்படவில்லை.

'தோட்டத்து ஆளுக்கு இரண்டு நாள் போதும்' என்று செலவை மிச்சம் பிடிப்போர் இக்கணக்கைக் காட்டக்கூடும். நாம் வன்மையாக மறுக்கிறோம். ஓரிடத்தில் மட்டும் நிற்கும், குணமாகும் வாய்ப்புள்ள நோய்க்குப் பேரளவே தக்கது. பரவிய நோயின் கட்டியை அடக்கித் துன்பம் தணிக்கச் சிற்றளவு பெரிதும் உதவுகிறது. அது போதாவிடில் மீண்டும் கதிர் தரவும் இயலும். அத்தகைய நோயாளியைப் பன்னிரண்டு நாள் மலையிறக்கி அலைக்கழிப்பதும் அநீதியே. எந்த அளவு என்பதை நோய் தீர்மானிக்கட்டும், வறுமை தீர்மானிக்கலாகாது.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் உடல்நலத்தைத் தோட்டத்தின் பொறுப்பில் விட்டது. அந்தப் பழைய வேலி இன்னும் முற்றாக விழவில்லை. வலியில்லாத கட்டியை வெட்டிச் சோதிக்கத் தோட்டத்து மருந்தகத்தில் யார் உளர்?

ஆகவே நாம் கேட்பவை இவை: ஆறாத கட்டியைக் கண்டதும் திசுச் சோதனைக்கு அனுப்பும் ஒழுங்கு, சிகிச்சை நாள்களுக்குப் பேர், வைத்தியசாலையருகே தங்குமிடம், இரு வழிகளின் நன்மை தீமைகளைத் தமிழில் எடுத்துரைக்கும் கடமை. இவை பிச்சையல்ல. அவள் கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்து எடுக்கும் நாடு, அவளுக்குரிய கதிரையும் நேர்மையாய் அளந்து கொடுக்கட்டும்!