குளித்தலை தந்த வேதியியல் பேராசிரியர்

அறிஞர் ஒருவர் மறைந்தால் படத்திறப்பு, ஒரு மாலை, இரண்டு நிமிட மௌனம் என்று கடமையை முடித்துவிடுகிறோம். வேதியியல் பேராசிரியர் டி. ஆர். சேஷாத்ரி 1975 செப்டம்பர் 27-இல் மறைந்தார். 1900-இல் காவிரிக் கரையிலுள்ள குளித்தலையில், ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். நம் வேதியியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு இப்பெயர் தெரியும்?

மான்செஸ்டரில் ராபின்சனிடம் ஆய்வுப் பட்டம். 1934 முதல் ஆந்திரப் பல்கலைக்கழகம். 1949 முதல் டில்லிப் பல்கலைக்கழகம். 1960-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ஆனால் பட்டங்களைவிட என்னைக் கவர்வது அவர் கையில் எடுத்த பொருள்கள்தாம். பருத்திப் பூவின் மஞ்சள் நிறம், புங்க எண்ணெயிலுள்ள கரஞ்சின், பாசியினங்கள் (நம் வீட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே!). நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி போடும் நம் ஊரில், அந்தப் பூவை வேதியியல் என்று நினைத்துப் பார்த்தவர் யார்?

"டில்லியில் வசதி இருந்தது, செய்தார்" என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். அவருடைய சிறந்த பணிகளில் பல ஆந்திராவில் நடந்தவை. இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பல்கலைக்கழகமே குண்டூருக்கு இடம்பெயர நேர்ந்தது. இன்றுள்ள நிறமாலைக் கருவிகள் அன்று ஏது? இதழ்களைச் சாராயத்தில் காய்ச்சி, வடித்து, படிகமாக்கி, காரத்தால் உடைத்து, உடைந்த துண்டுகளைக் கொண்டு முழு மூலக்கூறின் அமைப்பை ஊகித்து, பின்னர் அதையே செயற்கையாக உருவாக்கிச் சரிபார்த்தார்கள். சில மில்லிகிராம் பொருளிலேயே பகுப்பாய்வு செய்யும் முறையை ஆஸ்திரியாவில் பிரெகலின் ஆய்வுக்கூடத்தில் அவர் பயின்று வந்திருந்தது இதற்குப் பெருந்துணை. ஏறத்தாழ 160 பேர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன.

நாமோ புட்டியில் வரும் உப்பைப் பகுத்து, விடை தெரிந்த கணக்கையே ஆண்டுதோறும் போடுகிறோம். அதுவும் வேண்டியதுதான், தேர்வு இருக்கிறதே! ஆயினும் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் இவ்வட்டாரத்துச் செடி ஒன்றை எடுத்து, அதிலிருந்து ஒரு பொருளையாவது பிரித்துக் காட்டட்டும். அமைப்பு வரை போக நம்மிடம் கருவி இல்லை. ஆனால் காய்ச்சி வடித்துப் படிகமாக்க இருப்பதே போதும். கோடை விடுமுறைக்கு முன்பே சாலையோரப் புங்கங்காய்கள் முற்றிவிடும். துறைத் தலைவர் இசைந்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.