இடம் இருந்தால் மட்டும் போதாது

"தோட்டத்தில்தான் இடம் இருக்கிறதே, இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நகரத்து உறவினர் தன் கிரேட் டேனையோ செயின்ட் பெர்னார்டையோ கொண்டுவந்தால், உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

முதலில் தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு கடந்திருந்தால், கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்ட பிறகே வீட்டுக்குள் விடுங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

அடுத்தது நஞ்சு. எலிக்குப் பொரியில் கலந்து வைக்கும் ஜிங்க் பாஸ்பைடை நாயும் தின்னும். பெரிய உடம்பு தாங்கிவிடும் என்று இருக்காதீர்கள். நாய் வருமுன்பே மிச்சத்தைச் சேகரித்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். பூச்சிமருந்துகளைப் பூட்டி வையுங்கள்.

பெரிய நாய் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தீனியை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தின்றபின் ஒரு மணி நேரம் ஓடவிடாதீர்கள். செயின்ட் பெர்னார்டுக்கு அடர்ந்த ரோமம் என்பதால் நிழலும் தண்ணீரும் கட்டாயம். ஆடு, கோழி பழகும்வரை கயிற்றில் பிடித்தே உலவவிடுங்கள்.

திரும்பக் கூட்டிச் செல்லும் தேதியையும், தீனி, மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதத்துக்கு வந்த நாய் மோட்டார் கொட்டகைச் சங்கிலியிலேயே ஆயுளைக் கழிக்கும். முடியாது என்றால் முதல் நாளே சொல்லிவிடுவதுதான் அந்த வாயில்லா ஜீவனுக்கு நல்லது.